உன்ராவுக்கு நிதி: நிபந்தனை வையுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சருக்கும், மேற்கு ஆசிய – வட ஆப்பிரிக்கப் பிரிவு, ஐ.நா. பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரணப் பணி முகமைக்கு (சுருக்கமாக உன்ரா) இந்தியா ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தருகிறது. முன்பு 12.5 லட்சமாக இருந்த தொகை 2018இல் நான்கு மடங்கானது. 2024க்குரிய பணத்தில் பாதி ஜூலையிலும் மீதி ஆண்டின் கடைசியிலும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பணத்தை நிறுத்த வேண்டும் என்பவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். நிபந்தனை என்ற சொல்லே பாலஸ்தீனர்களுக்குச் செய்யும் துரோகம் என்பவர்களும் இருக்கிறார்கள். அகதிகள் உதவிக்கான ஒப்பந்தம், கணக்கு, தணிக்கை ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. நிபந்தனை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் இதுவரை மற்ற நாடுகள் வைத்த நிபந்தனைகளில் பெரும்பகுதி, எழுதிய விதத்தாலேயே பயனற்றுப் போனது. அதே பிழைகளை நாமும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்த மடல்.

பெயரில் நிவாரணம் இருந்தாலும் உன்ரா அரிசி மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்பும் அமைப்பல்ல. 1949 டிசம்பர் 8 அன்று ஐ.நா. பொதுச்சபையின் 302ஆம் தீர்மானத்தால் பிறந்து, 1950 மே முதல் நாளில் வேலையைத் தொடங்கிய அது, இன்று ஒரு சிறிய மாநிலத்தின் பள்ளிக் கல்வித் துறையும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஒன்றாகச் சேர்ந்ததைப் போன்றது. ஜோர்டான், லெபனான், சிரியா, கிழக்கு ஜெருசலேம் உள்ளிட்ட மேற்குக் கரை, காஸா என ஐந்து களங்கள். பதிவு பெற்ற அகதிகள் சுமார் 59 லட்சம். காஸா போருக்கு முன் ஏறத்தாழ 700 பள்ளிகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். சுமார் 140 சுகாதார நிலையங்கள் இயங்கின. ஊழியர்கள் 30,000 பேர், அவர்களில் 13,000 பேர் காஸாவில். வெளிநாட்டு ஊழியர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் அகதிகளேதான்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் ஒன்று விளங்கும். மைய வரவு செலவுத் திட்டத்தின் மிகப் பெரும் பகுதி சம்பளம்: ஆசிரியர், செவிலியர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர். ஐ.நா.வின் பொது நிதியிலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கு மட்டும்தான் சம்பளம் வருகிறது. மற்றதெல்லாம் நாடுகள் விரும்பிக் கொடுப்பது, கைக்கு வந்த மாதம் செலவாவது. கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பணம் நின்றால் என்ன வெட்டுப்படும்? சம்பளத்தை ஒரு மாதத்துக்கு மேல் தள்ள முடியாது, பள்ளி மூடிவிடும். தள்ளிப்போடக் கூடியவை கட்டடப் பராமரிப்பு, ஆசிரியர் பயிற்சி, கணினி, உள்விசாரணைப் பிரிவில் காலியிடங்கள். எந்தச் சீர்திருத்தத்தைக் கேட்டுப் பணத்தை நிறுத்துகிறீர்களோ, அந்தச் சீர்திருத்தத்துக்கான செலவுதான் முதலில் வெட்டுப்படுகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று கோபப்பட்டுத் தூர்வாருபவனின் கூலியை நிறுத்துவது போலத்தான் இது.

2024 ஜனவரியில் நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேல் மீது நடத்திய தாக்குதலில் முகமையின் 12 ஊழியர்கள் பங்கெடுத்ததாக இஸ்ரேல் குற்றஞ்சாட்டியது. ஜனவரி 26 அன்று முகமை அதை வெளியே அறிவித்தது. பன்னிரண்டு பேரில் இருவர் அதற்குள் இறந்திருந்தார்கள். பத்துப் பேரை முதலில் நீக்கிவிட்டு விசாரணையைப் பிறகு தொடங்கினார்கள். முறை மாறிய நடவடிக்கைதான். நன்கொடையாளர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். அப்படியும் கைவிட்டார்கள். 16 நன்கொடையாளர்கள் நிறுத்திவைத்த தொகை சுமார் 45 கோடி டாலர். ஐ.நா.வின் உள்மேற்பார்வை அலுவலகம் ஆகஸ்டில் விசாரணையை முடித்தபோது கணக்கு இப்படி இருந்தது: மொத்தம் 19 பேர் மீது விசாரணை, ஒருவர் மீது ஆதாரமே இல்லை, ஒன்பது பேர் மீது இருந்த ஆதாரம் போதவில்லை, மற்ற ஒன்பது பேர், கிடைத்த ஆதாரம் உண்மையென உறுதியானால், பங்கெடுத்திருக்கக்கூடும். அந்த ஒன்பது பேரும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒன்பது என்பது சிறிய எண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடந்தது கொலை, ஆள்கடத்தல். ஆனால் அதற்காக ஜோர்டானிலும் லெபனானிலும் இருக்கும் ஆசிரியரின் மாதச் சம்பளத்தைப் பிணையாகப் பிடித்ததில் எந்தக் கட்டுப்பாடும் இறுகவில்லை. விசாரணை முடியும் முன்பே, மார்ச் மாதம் தொடங்கி கனடா, சுவீடன், ஆஸ்திரேலியா, பின்லாந்து, ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன் என்று ஒவ்வொரு நாடும் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்கா மட்டும் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே கதவை அடைத்தது.

அந்த நேரத்தில் ஐரோப்பிய ஆணையம் செய்தது கவனத்துக்குரியது. அந்த ஆண்டுக்கென ஒதுக்கிய 8.2 கோடி யூரோவை அது முழுதாக நிறுத்தவில்லை, முழுதாகக் கொடுத்துவிடவும் இல்லை. 5 கோடியை மார்ச் தொடக்கத்தில் விடுவிக்க முடிவெடுத்தது. மீதி 3.2 கோடியை 1.6 கோடி வீதம் இரண்டு தவணையாகப் பிரித்து நிபந்தனையோடு கட்டியது. நிபந்தனைகள் மூன்று: ஐரோப்பிய ஆணையம் நியமிக்கும் வெளி வல்லுநர்கள் கட்டுப்பாட்டு முறைகளைத் தணிக்கை செய்ய வேண்டும்; ஊழியர்களைப் பற்றி மறு ஆய்வு நடக்க வேண்டும்; உள்விசாரணைப் பிரிவைப் பலப்படுத்த வேண்டும். மூன்றும் முகமையின் கைக்கு எட்டுபவை. தவறினால் போவது ஒரு தவணை, முழு ஆண்டுப் பணம் அல்ல. சுவீடனும் இதே பாணியில், 40 கோடி குரோனரில் பாதியை முதலில் விடுவித்தது. இவற்றை மாதிரியாகக் கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை.

மோசமான நிபந்தனை எப்படி இருக்கும் என்பதற்கும் மாதிரி உண்டு. அமெரிக்காவின் 1961ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 301(இ) பிரிவு, கெரில்லா அமைப்பில் பயிற்சி பெறும் அகதிக்கோ பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டவருக்கோ அமெரிக்கப் பணம் போய்ச் சேராதிருக்க ‘இயன்ற எல்லா நடவடிக்கைகளையும்’ முகமை எடுக்க வேண்டும் என்கிறது. இயன்றது எது? யார் அளப்பது? பல பத்தாண்டுகள் கழித்து, 2009இல் கூட, இதை மதிப்பிடுவதற்கான அளவுகோலை வெளியுறவுத் துறை வகுக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அளவுகோல் இல்லாத நிபந்தனையை முகமை ஒருநாளும் நிறைவேற்றி முடிக்க முடியாது, மீறியதாக நிரூபிக்கவும் முடியாது. கொடுக்க மனம் உள்ள அரசு வந்தால் நிறைவேறிவிட்டது என்று எழுதும். மனம் இல்லாத அரசு வந்தால் நிறைவேறவில்லை என்று எழுதும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பிரிவு ஊழியரை விட்டுவிட்டு, உதவி பெறுபவரைக் குறி வைக்கிறது. தடுப்பூசி போட வந்த குழந்தையின் தகப்பன் யார் என்று செவிலியர் விசாரிக்க முடியாது, விசாரிக்கவும் கூடாது. ஐ.நா. பாதுகாப்புச் சபையே 2022 டிசம்பரில் 2664ஆம் தீர்மானத்தின் மூலம், சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்கு அளித்திருக்கிறது. இந்தியா எழுதும் நிபந்தனையில் ‘பயனாளி’ என்ற சொல் வரவே கூடாது. ஊழியர், ஒப்பந்ததாரர், கட்டடம், பணம் என்ற நான்குக்கு வெளியே போக வேண்டாம்.

ஊழியர் சரிபார்ப்புதான் எல்லோரும் கேட்பது; பெரும்பாலோர் தவறாகக் கேட்பதும் இதைத்தான். உன்ரா தன் ஊழியர் பெயர்களை ஆண்டுக்கு இருமுறை ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் அல் காய்தா, ஐ.எஸ். போன்றவற்றைச் சார்ந்தவர்களுடையது, அதில் ஹமாஸ் இல்லை. இந்தியாவின் தடைப்பட்டியலிலும் ஹமாஸ் இல்லை. ஆகவே ‘ஐ.நா. பட்டியலோடு சரிபார்க்க வேண்டும்’ என்று நாம் எழுதினால், எதையும் கேட்கவில்லை என்று பொருள். அமைப்பின் பெயரைத் தேடி ஓடாமல் செயலை வைத்து எழுத வேண்டும்: எந்த ஆயுதக் குழுவிலும் உறுப்பினராக இருப்பது, அதற்கு ஆள் சேர்ப்பது, முகமையின் இடத்தையோ வண்டியையோ அதற்குக் கொடுப்பது, வன்முறையைப் பொதுவெளியில் புகழ்வது. இவை ஐ.நா. பணி விதிகளின்படி ஏற்கெனவே குற்றங்கள்தான். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் விதி எத்தனை நாளில், யாரால் அமல்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

ஊழியர் பட்டியல் ஆண்டுதோறும் அந்தந்த நாட்டு அரசுகளுக்கும், காஸா, மேற்குக் கரையைப் பொறுத்தவரை இஸ்ரேலுக்கும் போகிறது. 2024 ஏப்ரல் 22 அன்று வெளியான முன்னாள் பிரெஞ்சு அமைச்சர் கத்தரீன் கொலோனா தலைமையில் முகமையின் நடுநிலையைப் பற்றி நடந்த மறு ஆய்வு, 2011 முதல் இந்தப் பட்டியலை வைத்து இஸ்ரேல் முகமையிடம் எந்த ஆட்சேபணையும் எழுப்பவில்லை என்று பதிவு செய்தது. பட்டியலில் பாலஸ்தீன அடையாள எண்கள் சேர்ந்ததே 2024 மார்ச்சில்தான். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் சரிபார்ப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அங்கே பெயர் என்பது நான்கு பகுதி: தன் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், குடும்பப் பெயர். அரபியில் ஒரே மாதிரி எழுதும் முகம்மதுவை ஆங்கில எழுத்துக்கு மாற்றினால் பத்து விதமாக வரும். இரண்டு பகுதிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் குற்றமற்றவர் நூற்றுக்கணக்கில் சிக்குவார். தேட வேண்டியவர் எழுத்துப் பிழையில் நழுவிப் போவார். இனிஷியலை விரித்தெழுதச் சொன்ன பாஸ்போர்ட் அலுவலகத்தில் திணறிய தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரபி எழுத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, அடையாள எண், பணியிடம் ஆகிய நான்கும் இல்லாத பட்டியலைச் சரிபார்ப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போரிடும் ஒரு தரப்புக்கு ஊழியரின் பணியிடத்தோடு பட்டியலைக் கொடுப்பதில் உயிர் ஆபத்து உண்டு. அதனால் பட்டியலைப் பெறும் அரசுக்கும் கடமை விதிக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் 60 நாளுக்குள், சரிபார்க்கத்தக்க ஆதாரத்தோடு, ஐ.நா. உள்மேற்பார்வை அலுவலகத்திடம் எழுத்தில் தர வேண்டும். ஆதாரம் வந்த பத்து வேலை நாளில் அந்த ஊழியர் சம்பளத்தோடு பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். 120 நாளில் முடிவு தெரிய வேண்டும். ஆதாரமின்றி ஊடகத்தில் மட்டும் வரும் குற்றச்சாட்டால் பணம் நிற்காது என்பதையும் நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். 2025 அக்டோபர் 22 அன்று சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்தும், முகமை ஊழியர்களில் கணிசமானோர் ஹமாஸ் உறுப்பினர்கள் என்ற கூற்றுக்கு இஸ்ரேல் போதிய ஆதாரம் தரவில்லை என்றே சொன்னது.

பாடப்புத்தகம் பற்றிய சண்டை இன்னும் பழையது. உன்ரா சொந்தமாகப் பாடநூல் அச்சிடுவதில்லை. அந்தந்த நாட்டுப் பாடத்திட்டத்தையே நடத்துகிறது. பிள்ளை பிறகு அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்பது காரணம். ஆகவே ‘இந்தப் புத்தகத்தை நீக்கு’ என்ற நிபந்தனை முகமையின் அதிகாரத்துக்குள் வராது. ‘இந்தப் பக்கத்தை இப்படி நடத்து’ என்பது வரும். முகமை தானே புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பரிசீலித்து, 2022–23இல் 3.85 விழுக்காடு பக்கங்களில் ஐ.நா. நெறிகளுக்கு ஒவ்வாத விஷயம் இருப்பதாகக் கணக்கிட்டது. சரி, கண்டுபிடித்த பிறகு? 2019இல் வெளியான அமெரிக்கத் தணிக்கை அமைப்பின் அறிக்கை ஒன்று இதற்கு விடை தருகிறது: மாற்றுப் பாடக்குறிப்புகள் தயாராயின, ஆனால் பணத் தட்டுப்பாடு உள்ளிட்ட காரணங்களால் ஆசிரியருக்குப் பயிற்சியும் நடக்கவில்லை, குறிப்புகள் வகுப்பறைக்கும் போகவில்லை. நிபந்தனை இருந்தது, பரிசீலனை இருந்தது, குறிப்பும் இருந்தது. பேருந்துக் கட்டணமும் பயிற்சி நாளுக்கான மாற்று ஆசிரியரும் மட்டும் இல்லை. காசு ஒதுக்காத நிபந்தனை கோப்பிலேயே தூங்கும். 2024 ஜூலையில் பிரிட்டன் 2.1 கோடி பவுண்டோடு திரும்பியபோது, கொலோனா அறிக்கை கேட்ட நிர்வாகச் சீர்திருத்தத்துக்கும் அதற்குள்ளேயே பணம் வைத்தது. அது புத்திசாலித்தனம்.

கட்டடங்களைப் பொறுத்தவரை விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. முகமை தன் கட்டடங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறது. 2014 ஜூலையில் காஸாவில் காலியாக இருந்த பள்ளிகளில் ராக்கெட்டுகள் இருந்ததையும், 2017இல் அங்கே மகாஸி முகாமில் இரு பள்ளிகளுக்கு அடியில் சுரங்கம் போனதையும் முகமையே வெளியில் சொன்னது. அதற்குக் காவல்படை கிடையாது, நிலத்தடியைத் தோண்டிப் பார்க்கும் கருவியும் கிடையாது. ‘கட்டடத்துக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது’ என்பதை நிபந்தனையாக வைத்தால், கண்டதைச் சொல்லும் முகமை தண்டிக்கப்படும்; அடுத்த முறை அது வாயைத் திறக்குமா? கண்டுபிடித்த 48 மணி நேரத்தில் நன்கொடை நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். சொன்னதற்காகப் பணம் குறையாது என்றும் எழுதிக் கொடுங்கள்.

தணிக்கையில் நம் அதிகாரிகள் தடுக்கி விழக்கூடிய ஒரு கல் இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளின் கணக்கை ஐ.நா. தணிக்கையாளர் வாரியம் மட்டுமே தணிக்கை செய்யலாம் என்பது ‘ஒற்றைத் தணிக்கை’ விதி. ஒவ்வொரு நாடும் தன் தணிக்கையாளரை அனுப்பினால் முகமைக்கு வேறு வேலை ஓடாது என்பதால் வந்தது. ‘இந்தியா நியமிக்கும் தணிக்கையாளர்’ என்று எழுதினால் முதல் நாளே நிராகரிக்கப்படும். ஐரோப்பிய ஆணையத்துக்கு அது முடிந்தது, அதற்கு ஐ.நா.வோடு தனி நிதி ஒப்பந்தம் இருப்பதால். நமக்கு வேறு வழி இருக்கிறது. 2014 ஜூலை முதல் 2020 ஜூன் வரை அந்த வாரியத்திலேயே இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் உறுப்பினராக இருந்தார். வாரிய அறிக்கையை எங்கே பிரித்துப் படிக்க வேண்டும், நிலுவையில் உள்ள பரிந்துரைகளின் வயது எவ்வளவு, எது வாய்ச்சொல், எது நிறைவேறியது என்பதை அந்த அலுவலகத்தில் தெரிந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடம் ஐந்து பக்கக் குறிப்பு கேளுங்கள். புதிய தணிக்கை வேண்டாம், இருப்பதைப் படித்தாலே போதும்.

ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்பது முகமையின் மைய வரவு செலவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதைக் கொண்டு தனியாக மிரட்ட முடியாது. ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு படிவம், ஒரு காலக்கெடு வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை: கள அலுவலகத்தில் நான்கு பேர் அறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொள்வார்கள். ஆகவே கொலோனா அறிக்கையின் 50 பரிந்துரைகளுக்கு முகமை வைத்திருக்கும் செயல்திட்டத்தையே நம் நிபந்தனைக்கும் அடிப்படையாக்க வேண்டும். அவற்றிலிருந்து நாலைந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐம்பதையும் கேட்பவன் ஒன்றையும் கேட்காதவன். பணத்தை ‘உணவுக்கு மட்டும்’, ‘மருந்துக்கு மட்டும்’ என்று கட்டிப் போடுவதும் வேண்டாம். மருந்து கிடங்கு வரை வந்துவிடும். கிடங்குக் காவலருக்கும் வண்டி ஓட்டுநருக்கும் சம்பளம் இருக்காது.

எங்கள் முன்மொழிவு இது. 50 லட்சத்தில் 42 லட்சம் கல்விக்கும் சுகாதாரத்துக்குமான மைய நிதிக்கு நிபந்தனையின்றிப் போகட்டும். 4 லட்சம் உள்விசாரணைப் பிரிவுக்கும் நடுநிலை குறித்த பயிற்சிக்கும் என்று பெயர் குறித்து, முதல் தவணையோடு சேர்த்தே கொடுக்கப்படட்டும். மீதி 4 லட்சம் மட்டும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. நான்கு தகவல் சேர்ந்த ஊழியர் பட்டியல், புகார் வந்த நாளிலிருந்து முடிவு வரை ஆன நாட்களின் காலாண்டு அட்டவணை, காலாண்டுக் கட்டடச் சோதனையின் சுருக்கம், பயிற்சி முடித்த ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவை செப்டம்பர் 30க்குள் வந்தால் நவம்பரில் விடுவிக்கலாம். வராவிட்டால் அந்தத் தொகை அரசுக் கருவூலத்துக்குத் திரும்பாமல் அடுத்த ஆண்டு விசாரணைப் பிரிவுக்கே சேரட்டும். அப்போதுதான் பணத்தை மிச்சப்படுத்த நிபந்தனையைப் பயன்படுத்தும் ஆசை இங்கேயும் யாருக்கும் வராது. 2024 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 ஜனவரி 30 முதல் அமலில் உள்ள சட்டங்களால் முகமையின் வெளிநாட்டு ஊழியர்கள் காஸாவுக்குள் போக முடியாத நிலை இருக்கிறது. அதனால் ஏதாவது ஒரு சோதனை நடக்கவில்லையென்றால், அதை முகமையின் தவறாகக் கணக்கிடக் கூடாது என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாகத் தேதி. முகமையின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம்முடையது ஏப்ரலில். அங்கே பணம் வற்றுவது ஆண்டின் கடைசி மாதங்களில். முதல் தவணையை ஜூலை வரை இழுக்காமல் ஏப்ரல் 15க்குள் அனுப்ப நிதி அமைச்சகத்தின் முன் அனுமதியை பிப்ரவரியிலேயே வாங்கிவிட முடியும். இதற்கு எந்த நாட்டோடும் பேச வேண்டியதில்லை, எந்தத் தீர்மானமும் தேவையில்லை. அடுத்த தவணைக்கான கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது இந்த மடலையும் அதோடு இணைத்து வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அகதிகள் உதவி நிதி, தணிக்கைப் பணிகளில் இருக்கும் சிலர்